தென்காசியைக் காணோம், எங்க ஊரையும் காணோம்: சென்சஸ் கேள்வி-பதில்

அண்ணாச்சி, தென்காசி மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை வேண்டும். சென்சஸ் தளத்தில் அப்படி ஒரு மாவட்டமே இல்லையே? (கல்லூரி மாணவர், கடையநல்லூர்)

இருக்காது தம்பி. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல்தான். 2011 கணக்கில் எல்லாமே பழைய திருநெல்வேலி, மாவட்டக் குறியீடு 628. அதற்குள் 11 வட்டங்கள். சிவகிரி, சங்கரன்கோவில், வீரகேரளம்புதூர், ஆலங்குளம், தென்காசி, செங்கோட்டை ஆகிய ஆறையும் கூட்டினால் ஏறக்குறைய இன்றைய தென்காசி வந்துவிடும். உங்கள் கடையநல்லூர் அப்போது தனி வட்டம் கிடையாது, தென்காசி வட்டத்துக்குள் இருந்தது.

ஏறக்குறைய என்றுதான் சொல்கிறேன். கடையம் பக்கத்து ஊர்கள் 2011-ல் அம்பாசமுத்திரம் வட்டம், இப்போது தென்காசி மாவட்டம். எல்லையோரத்தில் இப்படி மாறியவற்றை ஊர் ஊராகப் பிடித்துத்தான் சேர்க்க வேண்டும். ப்ராஜெக்ட்டில் ஆறு வட்டத்தோடு நிறுத்தினால், நிறுத்தியதை அடிக்குறிப்பில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. 'பிரைமரி சென்சஸ் அப்ஸ்ட்ராக்ட்' (அடிப்படை ஆள் கணக்கின் சுருக்கம்) எக்ஸெல் கோப்பில் ஒவ்வொரு வட்டத்துக்கும் மொத்தம், ஊரகம், நகரம் என்று தனித்தனி வரிசை இருக்கும். அதன் கீழேயே கிராமங்களும் நகரங்களும் வரும். ஃபில்டர் போடாமல் கூட்டல் பொத்தானைத் தட்டினால் ஒரே ஆள் பல தடவை எண்ணப்படுவார். முதலில் 'லெவல்' பத்தியில் வட்டத்தை மட்டும், அப்புறம் மொத்தம், ஊரகம், நகரம் என்று காட்டும் பத்தியில் மொத்தம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டுங்கள்.

எங்கள் ஊரில் முந்நூறு வீடு இருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயரே இல்லை. (நாங்குநேரி பக்கம்)

உங்கள் ஊர் குக்கிராமமாக இருக்கும். சென்சஸ் வெளியிடுவது வருவாய் கிராமக் கணக்கு. ஒரு வருவாய் கிராமத்துக்குள் நாலைந்து ஊர்கள் இருந்தாலும் எண் ஒன்றுதான் வரும். வீட்டில் பழைய பட்டாவை எடுத்துப் பாருங்கள், மாவட்டம், வட்டத்தோடு வருவாய் கிராமத்தின் பெயரும் அச்சாகியிருக்கும். அந்தப் பெயரில் தேடுங்கள். பஞ்சாயத்துப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

கூகுளில் தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லையே?

கோப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அதனால்தான். 'டிஸ்ட்ரிக்ட் சென்சஸ் ஹேண்ட்புக் திருநெல்வேலி 2011' என்று ஆங்கிலத்தில் அடித்தால் மாவட்டக் கையேடு கிடைக்கும். அதில் இரண்டு பகுதிகள். ஏ பகுதியில் ஊரில் பள்ளி, பஸ், தண்ணீர் வசதி போன்றவை. பி பகுதியில் ஆள் கணக்கு.

பிடிஎஃப்பைத் திறந்ததும் முழுப் பெயரை அடிக்காதீர்கள். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு முறை. சென்சஸில் தூத்துக்குடிக்கு 'கே' இரண்டு. நடுவில் நான்கைந்து எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடினால் மாட்டிவிடும். கிடைத்ததும் ஊரின் குறியீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தால் அந்த எண்தான் காப்பாற்றும். ஆனால் 2001 குறியீடு வேறு, 2011 குறியீடு வேறு. எண்ணை மட்டும் நம்பி இரண்டு வருடத்தையும் ஒட்டிவிட வேண்டாம்.

திருநெல்வேலி நகர மக்கள்தொகை ஓரிடத்தில் 4,73,637, இன்னோரிடத்தில் 4,97,826. எது சரி?

இரண்டும் சரி. முதலாவது மாநகராட்சி எல்லைக்குள் மட்டும். இரண்டாவது, ஒட்டிய பகுதிகளையும் சேர்த்த நகரத் தொகுதி. மாவட்டத்துக்கும் இதே குழப்பம் உண்டு: 30,72,880 என்பது 2011-ல் முதலில் வந்த தற்காலிகக் கணக்கு, 30,77,233 என்பது இறுதிக் கணக்கு. பழைய பத்திரிகைச் செய்திகளில் முதல் எண்தான் இருக்கும்.

மாநகராட்சியை 1991-ஓடு ஒப்பிடுவதானால் கவனம். மாநகராட்சி வந்ததே 1994-ல். அதற்கு முன் பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் தனி நகராட்சிகள், தச்சநல்லூர் பேரூராட்சி. எல்லாவற்றையும் கூட்டாமல் பழைய 'திருநெல்வேலி' எண்ணை எடுத்தால், பத்தே வருடத்தில் ஊர் மூன்று மடங்கு பெருத்துவிட்டது போலத் தெரியும். அப்படி ஒரு வரைபடத்தை வாட்ஸ்அப்பில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்!

பீடி சுற்றும் பெண்கள் எத்தனை பேர் என்று எந்தப் பத்தியில் பார்ப்பது? (முக்கூடல்)

பீடிக்கென்று தனிப் பத்தி கிடையாது. வீட்டிலிருந்தே சுற்றுபவர்கள் 'வீட்டுத்தொழில்' என்ற பிரிவில் வருவார்கள், பாய் நெய்பவர்களும் அதில்தான். வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைந்தால் குறுந்தொழிலாளர். பெண்கள் கணக்கில் இந்த இரண்டாவது பத்தியை விட்டுவிட்டால் பாதி உண்மை போய்விடும். எந்தத் தொழில் என்று பிரித்துச் சொல்லும் 'பி' வரிசை அட்டவணைகள் (மேலே சொன்ன கையேட்டின் பி பகுதி அல்ல, இவை வேறு) கிராமம் வரை இறங்காது.

எழுத்தறிவு சதவீதம் நான் போட்டால் எப்போதும் குறைவாக வருகிறது.

மொத்த மக்கள்தொகையால் வகுக்கிறீர்கள். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுங்கள்.

1901 முதல் நம் மாவட்டம் எப்படி வளர்ந்தது என்று பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் பழைய அறிக்கைகளிலிருந்து எண்களைப் பொறுக்காதீர்கள். 1901-ன் திருநெல்வேலியில் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருந்தன, 1910-ல் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போயின. செங்கோட்டை 1956-ல் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. தூத்துக்குடி 1986-ல் பிரிந்தது. சென்சஸ் தளத்தில் 'ஏ-2' அட்டவணையை எடுங்கள். 2011 எல்லைக்குப் பொருத்தி 1901 வரை பின்னோக்கி அவர்களே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.