ராத்திரி மட்டும் ஏன் படம் போகிறது?

கிருஷ்ணகிரியில் கேமரா, நெட்வொர்க் வேலை பார்க்கும் டெக்னீசியன் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணா, எங்கள் மாந்தோப்பில் வீட்டிலிருந்து எண்பது மீட்டர் தள்ளி மோட்டார் ரூம். அங்கே ஒரு கேமரா இருக்கிறது. பகலில் படம் பளிச்சென்று வருகிறது. இருட்டினால் கோடு கோடாக ஓடி, அப்புறம் ‘நோ வீடியோ’ என்று நின்றுவிடுகிறது. கேமராவை மாற்றியும் பார்த்துவிட்டோம், அதே கதைதான். காய் இறக்கும் நேரம், ராத்திரிதான் காவல் வேண்டியிருக்கிறது.
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: தம்பி, இன்னொரு கேமரா வாங்கிவிடாதீர்கள். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கரண்ட் முழுசாகப் போய்ச் சேரவில்லை.

இருட்டியதும் கேமராவுக்குள் இருக்கும் இன்ஃப்ராரெட் எல்இடிகள் எரிய ஆரம்பிக்கும். லென்ஸைச் சுற்றி மங்கலான சிவப்பாகத் தெரியுமே, அவைதான். பகலில் கால் ஆம்பியர் இழுத்த கேமரா அப்போது அரை ஆம்பியர் வரை இழுக்கும். உங்கள் தோப்பில் ஓடுவது 3+1 கேபிளாக இருக்கும். படத்துக்கு ஒரு கோஆக்சியல், அதே உறைக்குள் பவருக்கு மெல்லிய ஒயர்கள். அந்த ஒயர் அரை சதுர மில்லிமீட்டர் செம்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். போக 80, வர 80, ஆக 160 மீட்டர். அதன் தடை ஐந்தரை ஓம். அரை ஆம்பியர் ஓடினால் 2.75 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் பெட்டியிலிருந்து 12 வோல்ட் கிளம்பினாலும் கேமராவுக்குக் கிடைப்பது ஒன்பதேகால்தான். பகலில் பத்தரை கிடைப்பதால் சமாளித்துக்கொள்கிறது. இது நல்ல ஒயருக்கான கணக்கு. ஒயர் இதைவிட மெல்லியதாக இருந்தாலோ, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதாக இருந்தாலோ இன்னும் மோசம்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மல்டிமீட்டரோடு கேமரா அருகில் போய், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட்டைப் பார்க்க வேண்டும். பின்னைக் கழற்றி வைத்து அளந்தால் 12 முழுசாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ‘பவர் சரியா இருக்கு, கேமராதான் போச்சு’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? கோஆக்சியலைத் தொடாதீர்கள். பவருக்கு மட்டும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தனியாக இழுத்துக் கொடுங்கள். இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். மோட்டார் ரூமிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது இலவச விவசாய இணைப்பு என்றால் பம்ப்செட்டுக்கென்று தந்தது, கேமராவுக்கு எடுக்கக் கூடாது.

புதிதாகப் போடுகிறவர்கள் இந்தத் தொல்லைக்கே போகாமல் பிஓஇ கேமராவாக வாங்குங்கள். ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் வரும், சுமார் 48 வோல்ட் பவரும் போகும். வோல்ட் நாலு மடங்கு என்பதால் அதே கேமராவுக்கு ஆம்பியர் நாலில் ஒரு பங்கு போதும். வழியில் போகும் இழப்பு பெரிதாகத் தெரியாது. பவர் தரும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியிலிருந்து கேமரா வரை 100 மீட்டர் என்பது அதன் எல்லை.

கேள்வி: என் வீட்டுக்காரர் இறந்த பிறகு தனியாக இருக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கேமரா போட்டுக் கொடுத்தான். மாட்ட வந்த தம்பி அவர் போனிலேயே ஆப்பைத் திறந்து க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தார், மகனுக்கும் எனக்கும் தெரிகிற மாதிரி செய்துவிட்டுப் போனார். போன வாரம் அவரே கூப்பிட்டு, “அம்மா, பின்பக்கக் கேமராவில் சிலந்தி வலை கட்டியிருக்கு, துடைச்சு விடுங்க” என்கிறார். நல்ல பிள்ளைதான். ஆனாலும் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.
(வாசகி, அரூர்)

பதில்: அம்மா, உங்கள் மனசுக்குப் பட்டது சரி. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் பின்கட்டு அவர் போனில் தெரியக் கூடாது. அந்தப் போன் நாளை தொலையலாம், வேறு கைக்குப் போகலாம். நீங்கள் எப்போது வெளியே போகிறீர்கள், எப்போது விளக்கை அணைக்கிறீர்கள் என்பதெல்லாம் அதோடு போகும். எங்கள் தொழிலில் இது பரவலாக நடக்கிறது. வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் சொந்தக் கணக்கிலேயே பதிந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு.

கேமராப் படங்களைச் சேமிக்கும் பெட்டிதான் ரெக்கார்டர். ஆப்பில் யார் கணக்கில் அது முதலில் பதிகிறதோ அவர்தான் அதற்கு எஜமான். மகனுக்கும் உங்களுக்கும் கிடைத்திருப்பது அவர் பகிர்ந்து கொடுத்த பார்வை மட்டுமே. அதனால் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மகன் ஊருக்கு வரும் நாளில் அந்தத் தம்பியை வீட்டுக்கு அழைத்து, அவர் கணக்கிலிருந்து உங்கள் கண்ணெதிரே நீக்கச் சொல்லுங்கள். உடனே மகன் தன் கணக்கில் பதிந்து உங்களுக்குப் பகிரட்டும். அடுத்து ரெக்கார்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். உள்ளே ‘யூசர்’ பட்டியலில் தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அவர் வரவே இல்லை என்றால், பில்லையும் சீரியல் நம்பரையும் வைத்துக்கொண்டு தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் பதிவை நீக்கித் தரக் கேளுங்கள்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’, அதாவது வெளி இன்டர்நெட்டிலிருந்து ரெக்கார்டருக்கு நேராக வரும் வழி, திறந்திருந்தால் மூடிவிட வேண்டும். க்யூஆர் வழியாகப் பார்க்கும் ஆப்புக்கு அது தேவையே இல்லை. 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. உள்ளே புக அது பயன்படுத்தியது கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டுகளைத்தான். வாங்கியவர்கள் அவற்றை மாற்றவே இல்லை. அந்த அக்டோபரில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் தடுமாறியதற்கு, அப்படிப் பிடித்த கருவிகளை ஏவித் தாக்கியதுதான் காரணம்.

சிலந்தி வலையை உலர்ந்த துணியால் வாரம் ஒரு தடவை துடைத்தால் போதும். கேமராவின் ராத்திரி வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். ஒரு இழை லென்ஸுக்கு முன்னால் ஆடினாலே ராத்திரிப் படம் வெள்ளையாகிவிடும்.

கேள்வி: புது வீட்டுக்குப் பூச்சு வேலை ஆரம்பிக்கப் போகிறோம். கேமரா பிறகுதான் வாங்குவோம். இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள். ஒவ்வொரு கேமரா இடத்திலிருந்தும் தனித்தனிக் கேபிள், இடையில் ஒட்டு இல்லாமல், ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். அந்த இடம் மாடிப்படிக்குக் கீழேயோ அலமாரிக்குள்ளேயோ இருக்கட்டும். வாசலில் நுழைந்ததும் டிவி பக்கத்தில் ரெக்கார்டரை வைத்தால் திருடன் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவான். லைட் ஒயர் போகும் பைப்பில் இதை நுழைக்கக் கூடாது, தனி பைப் வேண்டும். எலக்ட்ரீஷியன் ‘ஒரே பைப்புல போட்டுடலாம் சார்’ என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

‘கேட் 6’ என்ற வகை நெட்வொர்க் கேபிள் வாங்குங்கள், முழுச் செம்பாக இருக்கட்டும். பெட்டியில் ‘சிசிஏ’ என்று அச்சிட்டிருந்தால் அது அலுமினியம், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கடையிலேயே ஒரு துண்டு வாங்கி பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கேமரா பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம், சுவருக்குள் போன ஒயரை மாற்ற முடியாது. காசு குறைவாக இருந்தால் மெகாபிக்சலில் குறையுங்கள்.

கேமரா முனையில் ஒரு மீட்டர் மிச்சம் விட்டு, பைப் வாயை அடைத்து வையுங்கள். எறும்பு கூடு கட்டிவிடும்.

கேள்வி: நாலு கேமரா, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். எத்தனை நாள் பதிவு நிற்கும்?
(வாசகர், ஓசூர்)

பதில்: ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் எழுதினால் நாளுக்குச் சுமார் 43 ஜிபி. நாலுக்கும் 172. ஆக ஐந்து நாளிலிருந்து ஆறு நாளுக்குள் பழையது அழிந்துவிடும். ‘எச்.265’ என்ற படச் சுருக்க முறையைப் போட்டு 2 மெகாபிட்டாகக் குறைத்தால் இரட்டிப்பாகும். ஒரு வாரம் ஊருக்குப் போகிற வழக்கம் இருந்தால் இரண்டு டிபி போடுங்கள், அதுவும் கண்காணிப்புக்கென்று தயாரித்த டிஸ்க்காக. ரெக்கார்டரில் தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். போலீஸில் காட்டப் போகும்போது அதுதான் முதலில் கேட்பார்கள்.

கேள்வி: மாட்டுக் கொட்டகை வீட்டிலிருந்து நூற்றைம்பது மீட்டர். கம்பத்தில் நெட்வொர்க் கேபிள் இழுத்து, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தோம். கோடை மழையில் இடி விழுந்து இரண்டு பக்கமும் கருகிவிட்டது. திரும்ப அப்படியே போடலாமா?
(வாசகர், ராயக்கோட்டை)

பதில்: வேண்டாம். அவ்வளவு நீளச் செம்பு வெட்டவெளியில் தொங்கினால், பக்கத்தில் எங்கோ விழும் இடிகூட அதில் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். அது நேராக ரெக்கார்டருக்கு வரும். இந்தத் தடவை ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் கரண்ட் ஓடாது, 150 மீட்டரெல்லாம் அதற்கு ஒரு தூரமே இல்லை. இரண்டு முனையிலும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் ஒரு மீடியா கன்வெர்ட்டர், கொட்டகைப் பக்கம் சின்ன பிஓஇ சுவிட்ச். வீடுகளுக்கு இன்டர்நெட் ஃபைபர் இழுக்கும் பையன்களிடம் கேட்டால் ஸ்ப்ளைஸ் செய்து, அதாவது இழைகளை ஒட்டிக் கொடுப்பார்கள். சுவிட்சுக்கான கரண்டைக் கொட்டகையில் இருக்கும் வீட்டு இணைப்பிலிருந்து எடுங்கள், எர்த் சரியாக இருக்க வேண்டும். எலி கடிக்கும் என்று கம்பிக் கவசம் போட்ட ஃபைபரைத் தருவார்கள், அதையும் வாங்காதீர்கள். கவசம் உலோகம், இடி அதன் வழியாக வந்துவிடும். உலோகமே இல்லாத ஃபைபரை பைப்புக்குள் விட்டு மண்ணில் புதையுங்கள்.