தூண்டில் வளைவு கேட்டு மனு போடலாமா?

கேள்வி: புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். முன்பு படகுகளை ஏற்றி, வலை காயப்போட்ட பிறகும் கரையில் இடம் மிச்சம் இருக்கும். இப்போது அலை வாசல்வரை வருகிறது. தெற்கே பக்கத்து ஊரில் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டிருக்கிறார்கள். நமக்கும் கேட்போம் என்கிறார்கள் ஊர்ப் பஞ்சாயத்தார். மனு போடலாமா?

பதில்: கட்டாயம் போடுங்கள். ஆனால் முதல் கோரிக்கையாகக் கல்லைக் கேட்காதீர்கள், மணலைக் கேளுங்கள்.

நம் கிழக்குக் கரையில் மார்ச் முதல் அக்டோபர்வரை அலையோடு மணல் வடக்கே நகர்கிறது. வாடைக்காற்று மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. அதன் குறுக்கே கல்லைப் போட்டால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அறுபடும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகலமானதும், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கரை கடலுக்குப் போனதும் இதனால்தான்.

உங்கள் பக்கம் இது 1980-களின் கடைசியில், புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டியபோது தொடங்கியது. முதலில் நகரத்துக் கடற்கரை போனது. அங்கே கல்லைக் கொட்டினார்கள். பிறகு அரிப்பு வடக்கே ஏறி சோலை நகர், கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஊர் ஊராக வந்தது. உங்கள் ஊரில் வளைவு போட்டால் அடுத்த அடி உங்களுக்கு வடக்கே உள்ள ஊருக்கு. அவர்களும் உங்கள் சொந்தபந்தங்கள்தானே?

தூண்டில் வளைவால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு வளைவுகளுக்கு நடுவே மணல் பிடிக்கும், படகு இறக்க அலை தணிந்த இடம் கிடைக்கும். அதேசமயம், கரையில் நின்று பெரிய வலை இழுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கல் கிடக்கும் கரையில் வலையை வளைத்து இழுக்க வழியில்லை. கரையை ஒட்டிய நேர்கல் சுவர் இன்னும் மோசம். வீடு தப்பும், ஆனால் சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலைத் தோண்டிவிடும்.

மணல் கேட்பது என்றால், துறைமுகத்தில் தடைபட்டு நிற்கும் மணலை வாரி, ஆண்டுதோறும் வடக்கே கொண்டுவந்து கொட்டச் சொல்வது. விசாகப்பட்டினத்தில் துறைமுகம் வாரும் மணலைப் பல ஆண்டுகளாக ராமகிருஷ்ணா கடற்கரைக்குக் கொடுக்கிறார்கள். புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலும் மணலை வடக்கே அனுப்பும் ஏற்பாடு இருந்தது, அது ஒழுங்காக நடக்கவில்லை. உங்களுக்கு உள்ள பெரிய சிக்கலே இதுதான்: துறைமுகம் புதுச்சேரி அரசிடம், அரிப்பு தமிழ்நாட்டில். அதனால் மனு இரண்டு அரசுகளுக்கும் போக வேண்டும்.

மனுவோடு கணக்கு இருந்தால்தான் அதிகாரிகள் உட்கார்ந்து பேசுவார்கள். கோவில் மதில், மின்கம்பம் என்று அசையாத இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பௌர்ணமி அன்றும் அங்கிருந்து நேராகக் கடலை நோக்கி டேப் பிடித்து, ஏற்ற நீர் விட்டுச்சென்ற ஈரக் கோடுவரை அளந்து நோட்டில் எழுதுங்கள். அதே இடத்தில் நின்று ஒரு போட்டோ. ஓர் ஆண்டாவது விடாமல் செய்ய வேண்டும், ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகையில் அறுத்துப்போகும் கரை கோடையில் ஓரளவு தானே திரும்பும். மழைக்காலத்தில் மட்டும் அளந்தால் 'இது பருவத்துக்கு வருவதுதான்' என்று தள்ளிவிடுவார்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எல்லோரும் கரையில் இருப்பீர்கள். அந்த அளவை இந்த ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் ஒப்பிட்டால் உண்மையான இழப்பு தெரியும்.

அரிப்புத் தடுப்பு வேலை எதுவானாலும் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி அனுமதி வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கடலோர மண்டலக் குழுவில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார் என்று விசாரித்து, நோட்டை அவர்களிடம் காட்டுங்கள். அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்து ஒரே மனுவாகப் போடுங்கள். தனித்தனியாகப் போனால் ஊருக்கொரு வளைவு என்று முடித்துவிடுவார்கள்.

கரை மேட்டில் அடம்பன் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் இருந்தால் ஜேசிபி விட்டுச் சமன் செய்ய விடாதீர்கள். மணலைப் பிடித்துவைப்பது அவைதான்.

வாசலில் அலை அடிக்கும் வீடுகள் மணல் வரும்வரை காத்திருக்க முடியாது. 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஆறு, கடல் அரிப்பைத் தடுக்க 1,500 கோடியும், அரிப்பால் இடம்பெயர்வோர் மறுவாழ்வுக்கு 1,000 கோடியும் ஒதுக்கப் பரிந்துரைத்தது. இடிந்த, இடியப்போகிற வீடுகளின் பட்டியலை வரி ரசீது, போட்டோவோடு தயாரித்து, மறுவாழ்வு கேட்டுத் தனி மனுவாக ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.