மகளுக்கு வருவது வலிப்பா, நடிப்பா?

கேள்வி: என் மகளுக்கு வயது 19. கல்லூரியில் படிக்கிறாள். சில மாதங்களாகத் திடீரென்று மயங்கி விழுந்து கை கால்களை உதறுகிறாள். 20 நிமிடம் வரைகூட நீடிக்கிறது. ஒருமுறை வலது கால் இரண்டு நாள்கள் அசையவில்லை. ஸ்கேனும், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி.யும் சரியாக உள்ளன. மருத்துவர் ‘ஹிஸ்டீரியா’ என்கிறார். உறவினர்களோ நடிக்கிறாள் என்றும், கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: நீங்கள் விவரிப்பது நடிப்பு அல்ல. மூளையில் கட்டியோ காயமோ இல்லாமலே, உடலை இயக்கும் அதன் செயல்பாடு தற்காலிகமாகத் தடுமாறும் நிலை இது. ஹிஸ்டீரியா என்ற பழைய பெயரை விட்டு, செயல்சார் நரம்பியல் கோளாறு என்றும், மனப்பிரிநிலைக் கோளாறு என்றும் இன்று இதைக் குறிப்பிடுகிறோம். பெண்களிடம் அதிகம் காணப்பட்டாலும் இது பெண்களுக்கே உரிய நோயன்று. முதல் உலகப் போரில் உடலில் காயமே இல்லாத படைவீரர்கள் பலர் கை கால் செயலிழந்தும் பேச்சிழந்தும் நடுங்கியும் மருத்துவமனைகளுக்கு வந்தனர்.

எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருப்பதால் மட்டும் இந்த முடிவுக்கு வரக் கூடாது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் ஈ.ஈ.ஜி. இயல்பாக இருக்கலாம், சிலருக்கு இரண்டு கோளாறுகளும் சேர்ந்தே இருக்கும். கண்களை இறுக மூடியிருப்பது, தலை இருபுறமும் ஆடுவது, உதறல் கூடிக் குறைந்து நெடுநேரம் நீடிப்பது ஆகியவை இக்கோளாறின் பக்கம் சாய்கின்றன. வலிப்பு நோயிலோ பெரும்பாலும் கண்கள் திறந்திருக்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் உதறல் நின்றுவிடும். ஐயம் தீர வேண்டுமானால், உதறல் வரும் நேரத்திலேயே பதிவு செய்யும் வீடியோ ஈ.ஈ.ஜி. தேவை. கால் செயலிழப்புக்கு 1908இல் ஹூவர் என்ற மருத்துவர் விவரித்த எளிய சோதனை உண்டு: படுத்த நிலையில் அழுத்தச் சொன்னால் வலுவில்லாத கால், மற்றக் காலைத் தடைக்கு எதிராகத் தூக்கும்போது தன்னையறியாமல் வலுவோடு கீழே அழுத்தும்.

தாங்க முடியாத மன அழுத்தம், குடும்பச் சச்சரவு, சிறுவயதில் நேர்ந்த வன்முறை அல்லது பாலியல் தொல்லை, மனச்சோர்வு, பதற்றம் எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். குறிப்பிட்ட காரணம் எதுவும் புலப்படாதவர்களும் உண்டு. ஆகவே ‘உனக்கு என்ன குறை?’ என்று அவளைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். மனநல மருத்துவர் அவளுடன் தனியாகப் பேச இடம் கொடுங்கள். பெற்றோர் அருகில் இருக்கும்போது பிள்ளைகள் சொல்லத் தயங்குபவை பல.

நோயை மரியாதையுடன் விளக்குவதிலேயே சிகிச்சை தொடங்குகிறது. அவ்வளவிலேயே உதறல் குறைந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அடுத்து, எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் பேச்சின் வழியே மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், கால் பலவீனத்துக்கு இயன்முறைப் பயிற்சியும் (பிசியோதெரபி) உதவும். உதறல் வரும் முன் படபடப்பு தோன்றினால், பாதங்களைத் தரையில் ஊன்றி, சுற்றியுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகக் கவனித்துச் சொல்லும் பயிற்சியைக் கற்றுக்கொடுப்பார்கள். இந்த உதறலுக்கு வலிப்பு மாத்திரைகள் பயன்தருவதில்லை; ஆனால் ஏற்கெனவே எடுத்துவந்தால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் மயக்க ஊசி போடுவது மூச்சையே பாதிக்கக்கூடும்.

திருமணம் இதற்கு மருந்தன்று. நோயின் நடுவே புதிய வீட்டின் பொறுப்புகளையும் சுமத்துவது அவளுக்கு அநீதி. இந்த ஆலோசனையை உறுதியாக மறுத்துவிடுங்கள்.

உதறல் வரும்போது கூர்மையான பொருள்களை அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகளை அழுத்திப் பிடிப்பது, சாவி கொடுப்பது, வெங்காயத்தை முகரவைப்பது, வாயில் எதையாவது திணிப்பது எதுவும் வேண்டாம். கூட்டத்தை விலக்கி, ஒருவர் மட்டும் அருகில் அமர்ந்து அமைதியாகப் பேசினால் போதும். இயன்றால், அவள் சம்மதத்தை முன்பே பெற்று, கைப்பேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். உடல் நீலம்பாய்ந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, தலையில் அடிபட்டாலோ, வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனையை எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416இல் பேசலாம்.