ரஃபினின் மண் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மண்வளம் பற்றிய கட்டுரையில் வர்ஜீனியாவின் எட்மண்ட் ரஃபினை ‘மண்ணைப் படித்த விவசாயி’ என்று ஒரே வரியில் பாராட்டியிருந்தீர்கள். ஆர்வத்தில் தேடிப் படித்தேன். அடிமைமுறைக்காக ஓயாமல் எழுதியவர், சம்டர் கோட்டைமீது அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டைச் சுட்டவர், தெற்கு தோற்றதும் 1865 ஜூனில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர் என்று தெரிந்தது. இவரைப் பாராட்டலாமா? இல்லை, அரசியல் வேறு விவசாயம் வேறு என்று பிரித்துக்கொள்ள வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

அந்த வரியில் ஒரு சொல் தப்பு. எந்தச் சொல் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். 1861 ஏப்ரல் 12 விடியலில் முதலில் வெடித்தது ஜான்சன் கோட்டையிலிருந்து வந்த சைகைக் குண்டு. கம்மிங்ஸ் முனையில் இருந்த பீரங்கி மேடையிலிருந்து முதல் குண்டைச் சுடும் மரியாதையைத்தான் 67 வயது ரஃபினுக்குக் கொடுத்தார்கள். அவருக்கு அதில் பெருமை தாங்கவில்லை. 1859இல், அடிமைமுறையை எதிர்த்து ஆயுதமெடுத்த ஜான் பிரவுனைத் தூக்கிலிட்டபோது, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காக ராணுவக் கல்லூரிப் பையன்களோடு அணியில் சேர்ந்து நின்ற கிழவர் அவர். பிரவுன் அடிமைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த ஈட்டிகளைத் தெற்கு மாநில ஆளுநர்களுக்கு மாதிரிக்கு ஒன்றாக அனுப்பியும் வைத்தார்.

சரி, மண்ணுக்கு வருவோம். 1813 வாக்கில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் காகின்ஸ் பாயிண்ட் பண்ணை அவர் கைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகப் புகையிலை போட்டுச் சக்கையாகிப்போன நிலம். எரு போட்டும் எழும்பவில்லை. அக்கம்பக்கத்தார் நிலத்தைப் போட்டுவிட்டு மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். ரஃபின் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் வேளாண் வேதியியல் நூலை எடுத்து உட்கார்ந்தார். மலட்டு நிலத்தில் புளிப்புச் சுவையுள்ள ஒரு களை மண்டுவதை அவர் கவனித்திருந்தார். அப்படியானால் மண்ணே புளித்திருக்கிறது, அமிலத்தை முறிக்காமல் எந்த எருவும் வேலை செய்யாது என்று முடிவு கட்டினார். மருந்து அவர் நிலத்துக்கு அடியிலேயே இருந்தது. ஒருகாலத்தில் கடலாக இருந்த இடம் என்பதால் பழைய கிளிஞ்சல்கள் மக்கிக் கிடந்த மண், அங்கே மார்ல் என்பார்கள். 1818இல் அதைத் தோண்டிப் பரப்பி மக்காச்சோளம் விதைத்தார். பக்கத்தில் மார்ல் போடாத துண்டைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுதல் விளைச்சல். 1832இல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார், அடுத்த ஆண்டு ஒரு விவசாய இதழ் தொடங்கிப் பத்தாண்டு நடத்தினார். இடையில் 1823இல் மாநில செனட்டுக்குப் போனார். மேடைப் பேச்சும் வராது, வாக்காளரைத் தாஜா செய்யவும் வராது. சில ஆண்டுகளில் வெளியே வந்துவிட்டார். இதழில் வங்கிகளைத் திட்டித் தீர்த்துச் சந்தாதாரர்களை இழந்ததும் அந்தச் சுபாவம்தான்.

இப்போது அந்தச் சொல். ‘தோண்டிப் பரப்பினார்’ என்று மேலே நானே எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? ரஃபின் மண்வெட்டியைத் தொட்டு மார்ல் தோண்டவில்லை. மேல்மண்ணை அகற்றி, ஊற்றுநீர் நிற்கும் குழியில் இறங்கி, ஈர மார்லை வெட்டி வண்டியில் ஏற்றி ஒவ்வொரு ஏக்கருக்கும் நூற்றுக்கணக்கான மரக்கால் இறைத்தவர்கள் அவருடைய அடிமைகள். நம் மொழியில் இவரை விவசாயி என்பதா? பண்ணையார் என்று ஒரு சொல் நமக்கு இருக்கும்போது நான் ஏன் அதை விட்டேன்!

நீங்கள் சொல்லும் பிரிவினையும் இங்கேதான் உடைகிறது. வர்ஜீனியாவில் மண் செத்தால் அடிமைகளுக்கு வேலை இல்லை; எஜமானர்கள் அவர்களைத் தெற்கே பருத்திக் காடுகளுக்கு விற்பார்கள், அல்லது கூட்டிக்கொண்டு மேற்கே போவார்கள். ஆள் குறைந்தால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் மாநிலத்தின் இடங்களும் குறையும். (அடிமைகளுக்கு ஓட்டு கிடையாது, ஆனால் இடங்களைக் கணக்கிட ஐந்து பேரை மூன்று பேராக எண்ணிக்கொள்வார்கள்.) ரஃபின் மார்லைப் பரப்பச் சொன்னதில் இந்தக் கணக்கும் உண்டு. மண்ணைக் காப்பாற்றினால் அடிமைமுறை அங்கே தங்கும். 1843இல் தென் கரோலினா ஆளுநர் ஹாமண்ட் அவரை மண் ஆய்வுக்கு அழைத்தார். அடிமைமுறையின் பெரிய வக்கீல்களில் ஒருவர் ஹாமண்ட். அமில மண்ணைப் பற்றி ரஃபின் கண்டுபிடித்தது சரி, இன்றும் நாம் சுண்ணாம்பு போடுகிறோம். அதைப் பாராட்டுவேன். எதற்காகக் கண்டுபிடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அவருடைய நாட்குறிப்பு மிக நீளம். முழுதும் படிக்க முடியாதவர்களுக்கு என் சிபாரிசு 1862ஆம் ஆண்டுப் பக்கங்கள். வடக்குப் படை தெற்கின் தலைநகரான ரிச்மண்டை நெருங்குகிறது. ரஃபின் குடும்பத்தின் மார்ல்பர்ன், பீச்வுட் பண்ணைகளிலிருந்து அடிமைகள் கூட்டங்கூட்டமாகப் படைமுகாமை நோக்கிப் போய்விடுகிறார்கள். நன்றாகத்தானே வைத்திருந்தோம் என்று கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயலில் பயிர் நிற்கிறது, கை வைக்க ஆளில்லை.