சைரன் ஊதினால் அம்மா வேலைக்குப் போகணுமா?

அண்ணே, போன சனிக்கிழமை நீங்கள் மகளோடு வந்து கேட்டது ஒரே கேள்வி. கம்பஸுக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை, வெளிநாட்டு சட்டப் பட்டத்துக்குப் பெரியப்பா கொழும்பில் பேசி வைத்திருக்கிறார், லோன் போடலாமா? பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தச் சமாதானம் எனக்கே பிடிக்கவில்லை. மகளைப் பற்றிப் பயம் வேண்டாம். லோனைப் பற்றி நன்றாகவே பயப்படுங்கள்.

அந்தப் பட்டத்தைக் கையில் வாங்கினாலும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளைத் தாண்டாமல் இங்கே கறுப்புக் கோட்டுப் போட முடியாது. பெரியப்பா இதைச் சொன்னாரா? வட்டியைக் கட்டப்போவதும் அவர் இல்லை. உங்கள் மனைவி இஸ்ரேலில் ஒரு கிழவியைத் தூக்கி இறக்கி அனுப்புகிற காசு அது. அதில் ஏஜென்சிக் கடனே இன்னும் தீரவில்லை என்றீர்கள். இந்த விசயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் மகள் ஒரு கொப்பியைக் காட்டினாள். 2025 ஜூனில் ஈரான் ஏவுகணைகள் விழுந்த நாட்களில் அம்மா போனில் அழ அழ, இவள் தேடி எழுதியது. இஸ்ரேலில் ஹோம் ஃப்ரன்ட் கமாண்ட் என்றொரு படைப்பிரிவு எந்த ஊரில் எந்த அளவுக்கு வேலை நடக்கலாம் என்று அறிவிக்கும். அதன் கட்டளையால் வேலைக்கு வர முடியாமல் போனவரை முதலாளி நீக்கக்கூடாது என்று 2006இல் ஒரு சட்டம் வந்தது. ‘வேலை போகாது சேர், ஆனா வராத நாளுக்குச் சம்பளம் வேற கதை’ என்றாள். உண்மைதான், சம்பளத்தைத் தனி ஏற்பாடாகத்தான் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் கேட்டாள்: ‘அம்மாவுக்கு வேலைத்தளமே அந்த வீடுதான். ஆச்சியால எழும்ப ஏலாது. சைரன் ஊதினா அம்மா எங்க ஓடுறது?’

உயர்தரம் முடித்த எந்தப் பிள்ளையும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. யுத்தம் வந்தால் முதலாளி என்ன செய்ய வேண்டும், தொழிலாளி எதற்குக் கட்டுப்பட்டவர் என்பது பெரிய படிப்பு, அண்ணே. 1939இல் பிரித்தானியாவில் பெரிய தொழிற்சாலைக்காரர்கள் ஆட்களுக்குப் பதுங்கிடம் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1941இல் இன்னொரு கட்டளை: அத்தியாவசிய வேலையில் இருப்பவர் அனுமதியில்லாமல் விலக முடியாது, முதலாளியும் அனுமதியில்லாமல் நீக்க முடியாது. கட்டு இரண்டு பக்கமும். நம் நாட்டில் 1979ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் ஒரு சேவையைப் பிரகடனப்படுத்திவிட்டால், அதில் உள்ளவர் வேலைக்கு வராமல் இருப்பதே குற்றம்.

அப்படியென்றால் மகள் என்ன படிக்கலாம்? ஆசிரியர், தாதி, வங்கி எல்லாம் லயத்தில் எல்லோரும் சொல்வார்கள், விடுகிறேன். யாரும் சொல்லாதது தொழில்சார் பாதுகாப்பும் சுகாதாரமும், அதாவது வேலைத்தளத்தில் ஆட்கள் அடிபடாமல், நோய்ப்படாமல் பார்த்துக்கொள்ளும் படிப்பு, கூடவே தொழில் சட்டமும். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதற்கென்றே ஒரு தேசிய நிறுவகம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மனிதவள மேம்பாட்டு நிறுவனமும் உண்டு, 1975இல் தொழிலாளர் கல்விக்காகத் தொடங்கியது. இரண்டிலும் கட்டணம், மொழி, நுழைவுத் தகுதி மூன்றையும் மகளையே போன் பண்ணிக் கேட்கச் சொல்லுங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்றால், உங்கள் தோட்டத்துப் பெக்டரியையே எடுங்கள். ரோலரில் கை போகாமல் தடுப்பு இருக்கிறதா, அடுப்படியில் தீ பிடித்தால் எந்தக் கதவு திறக்கும், இராத்திரி ஷிப்டில் உள்ளே எத்தனை பேர்? 1942இல் எழுதிய தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்க்க வேண்டும். தீயோ குண்டோ, ஆபத்து வந்தால் முதல் காரியம் எல்லோரையும் ஓரிடத்தில் நிறுத்தி எண்ணுவது. நீங்கள் தினமும் காலையில் நிற்கிற பெரட்டுத்தான் அது, அண்ணே, உயிரை எண்ணுகிற பெரட்டு. கார்மெண்ட், துறைமுகம், கட்டட வேலை என்று எல்லா இடத்திலும் இதற்கு ஆள் வேண்டும். வளைகுடாவிலும் சேஃப்டி ஒபிசர் என்று எடுக்கிறார்கள், வீட்டு வேலைக்குப் போவதைவிட எவ்வளவோ மேல். பின்னால் ஒரு பட்டமும் முடித்தால் தொழில் திணைக்களத்தில் தொழில் உத்தியோகத்தர் ஆகிற போட்டிப் பரீட்சை எழுதலாம். தமிழில் முறைப்பாடு கேட்டு எழுதிக்கொள்ளும் ஆளுக்கு மலையகத்தில் இருக்கிற தேவையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன். இங்கிலீஷும் சிங்களமும் இல்லாமல் இந்த வழி சரிவராது. மகளின் இங்கிலீஷ் இப்போது போதாது, முதல் ஆறு மாதம் அதற்கே போகட்டும்.

வருகிற சனிக்கிழமை அந்தக் கொப்பியோடு வரச் சொல்லுங்கள். பெரியப்பாவும் வரட்டும், பேசலாம். மனைவியின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு எந்தத் திகதி வரை செல்லும் என்று பார்த்துக் குறித்து வாருங்கள். லோன் பத்திரத்தில் மட்டும் அதுவரை கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.