பாதிக் கட்டணம் என்றால், எதில் பாதி?

கேள்வி: ஐயா, நாங்கள் புக்கிட் மெர்தாஜாமில் வசிக்கிறோம். என் மகன் ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம்.மில் நான்குக்கு 3.67 புள்ளி பெற்றிருக்கிறான். கணக்கியல் படிக்க வேண்டும் என்பது அவன் விருப்பம், ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவான யு.பி.யு. வழியாக ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கிடைத்திருப்பது பொருளாதாரம். கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், கணக்கியல் படிப்புக்கு அவனது தேர்ச்சியின் அடிப்படையில் 50 விழுக்காடு உபகாரச் சம்பளம் தருவதாகக் கடிதம் அனுப்பி, 14 நாள்களுக்குள் பதில் கேட்கிறது. பினாங்குத் தீவில் உள்ள ஒரு கல்லூரி, வெளிநாட்டுப் பட்டத்தை மூன்று ஆண்டும் இங்கேயே படித்து முடிக்கும் 3+0 முறையில் இடம் தருகிறது. அங்கே உபகாரச் சம்பளம் எதுவும் இல்லை. தேடி வந்த உபகாரச் சம்பளத்தை மறுப்பது மடமை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். என் கணவர் பிறையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்; வயது 48. அவருடைய சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டலாமா? மூன்று இடங்களின் கட்டண விவரங்களையும் இணைத்திருக்கிறேன்.
– ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தங்கள் மகனுக்கு என் வாழ்த்துகள். ஆறாம் படிவத்தில் 3.67 எடுப்பது எளிதன்று. உறவினர்களின் பெருமிதமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் பார்ப்பது கடிதத்தின் முதல் பக்கத்தை. தாங்கள் அனுப்பிய தாள்களில் நான் அதிக நேரம் செலவிட்டது மூன்றாம் பக்கத்திலும், அதனுடன் இருந்த கட்டணப் பட்டியலிலும்தான்.

50 விழுக்காடு என்பது கற்பிப்புக் கட்டணத்தில் மட்டுமே. மூன்றாண்டுக் கற்பிப்புக் கட்டணம் 78,000 ரிங்கிட். அதில் 39,000 குறைகிறது. பதிவு, நூலகம், கணினிக்கூடம், தேர்வு என்று தனியாகப் போட்டிருக்கும் 8,400 ரிங்கிட்டில் ஒரு காசும் குறையாது. ஆகவே பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 47,400 ரிங்கிட் கட்ட வேண்டும். அறை வாடகை, சாப்பாடு, எல்.ஆர்.டி. பயணம் எல்லாவற்றுக்கும் மாதம் 1,400 ரிங்கிட் ஆகும் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். கோலாலம்பூரில் இருக்கும் நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆண்டுக்குப் பத்து மாதம் என்று வைத்தாலும் மூன்றாண்டுக்கு 42,000. மொத்தம் 89,400 ரிங்கிட்.

பினாங்குக் கல்லூரியின் முழுக் கட்டணம் 48,000. பையன் வீட்டிலிருந்து பாலத்தைக் கடந்து போய் வர மாதம் 200 ரிங்கிட் என்று வைத்தால் மூன்றாண்டுக்கு 6,000; ஆக 54,000. வீட்டுச் சாப்பாட்டை நான் சேர்க்கவில்லை. அவன் எங்கே இருந்தாலும் சாப்பிடத்தான் போகிறான் என்றாலும், தங்கள் அடுப்பில் கூடும் செலவும் கோலாலம்பூர்க் கடையில் தினம் மூன்று வேளை ஆகும் செலவும் ஒன்றல்ல. உபகாரச் சம்பளம் தராத இடம், தரும் இடத்தைவிட 35,400 ரிங்கிட் மலிவாக இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகம் தரும் இத்தகைய உபகாரச் சம்பளம் பெரும்பாலும் யாரோ ஓர் அறங்காவலர் கையிலிருந்து வரும் பணம் அல்ல; விலையை நிர்ணயிப்பவரே அந்த விலையில் தரும் கழிவு. அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் பொதுச்சேவைத் துறையின் உபகாரச் சம்பளத்தையும் இதையும் ஒரே பெயரால் அழைப்பதால், இரண்டும் ஒன்று என்ற மயக்கம் வந்துவிடுகிறது.

அடுத்து நிபந்தனை. ‘3.50 புள்ளிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்’ என்று மூன்றாம் பக்கத்தில் ஒரே வரி இருக்கிறது. அது ஒவ்வொரு செமஸ்டரின் தனிப் புள்ளியா, அதுவரை படித்த எல்லாப் பாடங்களையும் சேர்த்துக் கணக்கிடும் சி.ஜி.பி.ஏ.யா என்று அந்த வரியில் இல்லை. இந்த வேறுபாடு சிறியதன்று. முதல் செமஸ்டரில் 3.30 எடுத்து, அதே அளவு பாடங்கள் கொண்ட இரண்டாம் செமஸ்டரில் 3.80 எடுக்கும் மாணவனின் சி.ஜி.பி.ஏ. 3.55, ஆண்டு முடிவில் அதைப் பார்ப்பார்கள் என்றால் அவன் தப்பினான். செமஸ்டர்தோறும் பார்ப்பார்கள் என்றால் அவன் முதல் செமஸ்டரிலேயே உபகாரச் சம்பளத்தை இழந்திருப்பான்.

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், செந்தூலில் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இரண்டு கட்டண ரசீதுகளைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்தான். முதல் ரசீதில் ‘கழிவு’ என்ற கட்டத்தில் ஆயிரக்கணக்கில் ஒரு தொகை இருந்தது. இரண்டாவதில் அதே கட்டத்தில் 0.00 என்று அச்சாகியிருந்தது. புள்ளியியல் பாடம் ஒன்று காலை வாரியதில் அந்த செமஸ்டரில் அவன் பெற்றது 3.46. அவன் சோம்பேறி அல்லன். ஆறாம் படிவத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகளில் பலர் முதல் ஆண்டில் ஓரளவு தடுமாறத்தான் செய்வார்கள். அதுவும் முதன்முறையாக வீட்டை விட்டுப் போய், தானே துணி துவைத்துக்கொண்டு படிப்பவர்கள். தங்கள் மகன் முதல் ஆண்டோடு கழிவை இழந்தால், மீதி இரண்டு ஆண்டுக்கும் 26,000 ரிங்கிட் கூடி, மொத்தச் செலவு 115,400 ஆகிவிடும். அந்தத் தொகையைத் தங்கள் குடும்பம் தாங்குமா என்பதுதான் கேள்வி. தாங்காது என்றால், பாதிப் படிப்பில் வேறு இடம் தேடும் நிலை வரும். அப்போது எந்தக் கல்லூரியும் எல்லாப் பாடங்களையும் ஏற்றுக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது.

செலவு ஒருபுறம் இருக்க, கணக்கியல் என்பதால் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். நம் நாட்டில் ஒருவர் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ள, 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராக வேண்டும். எந்தப் பல்கலைக்கழகங்களின் பட்டம் அதற்கு ஏற்கப்படும் என்பது அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதில் இல்லாத பட்டம் பெற்றவர்கள் பொதுவாக, பிரிட்டனைத் தளமாகக் கொண்ட கணக்காளர் அமைப்பான ஏ.சி.சி.ஏ. நடத்துவது போன்ற தொழில்முறைத் தேர்வுகளை எழுதி உள்ளே வருகிறார்கள். ஏ.சி.சி.ஏ.யின் இப்போதைய 13 தாள்களில் அதிகபட்சம் 9 தாள்களுக்கு விலக்குக் கிடைக்கலாம். எத்தனை என்பது பல்கலைக்கழகத்தையும் பட்டத்தையும் பொறுத்தது. அதை ஏ.சி.சி.ஏ.யின் இணையத்தளத்தில் மகனே பார்த்துக்கொள்ளலாம். இரு படிப்புகளுக்கும், உயர்கல்விப் படிப்புகளின் தரத்தை அங்கீகரிக்கும் எம்.கியூ.ஏ.யின் முழு அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஆகவே கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்: 3.50 என்பது எந்தப் புள்ளி, ஒருமுறை தவறினால் அடுத்த செமஸ்டரில் மீட்க வழி உண்டா, இடையில் விலகினால் பெற்ற கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டுமா, கட்டணம் நடுவில் உயர்ந்தால் கழிவும் உயருமா. தொலைபேசியில் கிடைக்கும் பதிலை நம்ப வேண்டாம்; பேசுபவர் பெரும்பாலும் மாணவர் சேர்க்கைப் பிரிவைச் சேர்ந்தவர், சேர்ப்பதுதான் அவர் வேலை. 14 நாள் கெடு தங்களை அவசரப்படுத்துவதற்காகவே வைக்கப்பட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கேள்விக்குப் பதில் வரும்வரை கெடுவை நீட்டித் தரும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால்: அந்தப் பட்டம் முதல் அட்டவணையில் இருந்து, நிபந்தனையும் சி.ஜி.பி.ஏ. அடிப்படையில்தான் என்று எழுத்தில் வந்தால், கூடுதல் 35,400 ரிங்கிட்டுக்கு ஒரு பொருள் உண்டு. அப்படி இல்லையென்றால் மகன் பினாங்கில் படிக்கட்டும். அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணமும் விடுதியும் சாப்பாடும் சேர்த்துச் சுமார் 30,000 ரிங்கிட் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றிலும் மிகக் குறைந்த செலவு அதுதான். ஆயினும் விரும்பாத பாடத்தில் அவனைத் தள்ளுவதை நான் ஆதரிக்கவில்லை. பொருளாதாரம் படித்தவரும் ஏ.சி.சி.ஏ. எழுதலாம், விலக்குத்தான் குறையும். இதை அவனிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, முடிவை அவனிடமே விடுங்கள். யு.பி.யு.வில் மேல்முறையீட்டு வழியும் இருக்கிறது. அதன் விதிகளைப் படித்துக் கணக்கியலுக்கு முயன்று பார்த்த பிறகு தனியார் கட்டணத்தைக் கட்டுவது நல்லது.

சேமநிதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளின் உயர்கல்விக்கு, சேமநிதியின் பிரிவுகளில் ஒன்றான செஜாத்ரா கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதி உண்டு. ஆனால் அந்தப் பணத்துக்கு 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கிடைத்தது, அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடனுக்கோ ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம்தான். ஆகவே முதலில் மகன் பெயரில் பி.டி.பி.டி.என். கடனுக்கு விண்ணப்பித்து, எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு மட்டும், ஆண்டுக்கு ஆண்டு, தங்கள் கணவரின் கணக்கிலிருந்து எடுங்கள்.