தான்சானியா கிராமப் பள்ளிக்குத் தன்னார்வலராகப் போக என்ன தயாரிப்பு வேண்டும்?

ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளியில் தன்னார்வலராக வகுப்பெடுக்கப் போக என்ன தயாரிப்பு வேண்டும் என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். பள்ளி ஆண்டும் பயிற்றுமொழியும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் தான்சானியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் விசா. சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுக்கக் கூடாது. சம்பளம் வாங்காவிட்டாலும் அதே விதிதான். தன்னார்வலர்களுக்கு ‘சி’ வகை வசிப்பு அனுமதி உண்டு. அதை உங்களை அழைக்கும் அமைப்பு மூலம் வாங்க வேண்டும். "வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்கிற அமைப்பை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும், ஜூனில் விடுமுறை. நம் ஊர் கோடை லீவில் போகலாம் என்று நினைத்தால் மார்ச் முதல் மே வரை அங்கே பல பகுதிகளில் பெருமழை. மண் சாலைகளில் வண்டி நகராது. செப்டம்பரில் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு, ஆண்டுக் கடைசியில் உயர்நிலைத் தேர்வுகள். ஜனவரி நடுவிலோ ஜூலையிலோ போவதே நல்லது.

உங்களால் உண்மையில் பயன் கிடைக்கும் இடம் ஃபார்ம் ஒன், அதாவது உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பு. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலப் பாடம் தவிர எல்லாம் சுவாஹிலியில் படித்த பிள்ளைக்கு, அந்த வகுப்பில் கணக்கும் உயிரியலும் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறிவிடும். புரியாத பிள்ளை கரும்பலகையை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டிருக்கும். தனியாக வகுப்பை எடுத்துக்கொள்ளாமல் பாட ஆசிரியரோடு நில்லுங்கள். பாடத்துக்கு முன் பலகையின் ஓரத்தில் எட்டுப் பத்துச் சொற்களைச் சிறு படத்தோடு எழுதுங்கள். இருவர் இருவராகச் சுவாஹிலியில் பேசவிட்டு, பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்ல வையுங்கள். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்காக மொத்த வகுப்பும் "யெஸ்" என்றுதான் சொல்லும். ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு வரிசைக்குள் நடந்து நோட்டுகளைப் பாருங்கள். அச்சிட்ட பயிற்சித் தாள்களைச் சுமந்துபோவது வீண். தீர்ந்தால் நகலெடுக்கக் கிராமத்தில் வழி இருக்காது. சாக்பீஸ், பெரிய சார்ட் தாள், மார்க்கர் போதும். அவற்றையும் மாவட்டத் தலைநகரிலேயே வாங்கி, பிள்ளைகள் கையில் கொடுக்காமல் தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள்.

போன அன்றே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போங்கள். இரண்டு இடத்திலும் வருகையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். பிள்ளைகள் "ஷிகமோ" என்று வணங்கினால் "மரஹபா" என்பதுதான் பதில். தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள். ஊர்க் கணக்கில் பகல் காலை 6 மணிக்குத் தொடங்குகிறது. "இரண்டு மணிக்கு வாங்க" என்றால் காலை 8 மணி.

பிரம்படி கண்ணில் படும். தலைமையாசிரியர் அனுமதியோடு நான்கு அடி வரை விதி இடம் கொடுக்கிறது. உங்கள் கையில் பிரம்பைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பிள்ளைகள் முன்னால் வாதாடாமல் தலைமையாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள்.

பிளாஸ்டிக் கேரி பேக்குகளுக்கு 2019 ஜூன் முதல் தடை, பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். வழியில் அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அட்டை செல்லுபடியாகும்; சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.